எக்ஸ்ரேக்காரியும் கல்லுக் கரப்பானும்

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. வராததை வரவழைத்துச் சொன்னால் அவளுக்கே பிடிக்காது. அதனால் கேக்கில் தொடங்குகிறேன்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் பிளம் கேக்கைத் தெரியாதவர்கள் குறைவு. சர்ச்சில் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வைத்தால் முதலில் காலியாவது என் தட்டுதான். அவள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளி என்று மதித்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். கடித்தாள், மென்றாள், விழுங்கினாள்.

"அக்கா, நடுவுல வேகல."

அவ்வளவுதான். முகத்தில் குறும்பும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மிச்சத்தையும் தின்றாள். உள்ளே போய்க் கேக்கை நடுவில் வெட்டிப் பார்த்தேன். களிதான். அதற்குள் என் கணவர் இரண்டு துண்டு தின்று "பிரமாதம்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பிரமாதத்துக்கு அவர் மேல்தான் நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். அதையும் சேர்த்து அவள் கணக்கில் எழுதிவிட்டேன்.

அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வீடு பள்ளங்கியில். அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள், அதனால் அவள் டீயைத் தேத்தண்ணி என்பாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பண்டிகைக்கு வந்து போவார். மகள் கோத்தகிரியில் நர்ஸ் படிப்பு. ஆளைப் பார்த்தால் அழகி என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதை நான் பல கோணங்களிலிருந்து பார்த்து உறுதிசெய்து வைத்திருந்தேன்.

இப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்து என் கணவரோடு ஏன் அடைந்து கிடந்தாள் என்பதற்கு, கரப்பானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் பல் டாக்டர். வீட்டின் முன்னறைதான் கிளினிக். என் கொழுந்தன் கப்பலில் இன்ஜினியர். மற்ற கப்பல்காரர்கள் வீட்டுக்குச் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வரும், எங்களுக்கு மொராக்கோவிலிருந்து கல் வரும். கல்லுக்குள் டிரைலோபைட் என்று ஒரு பூச்சி. மனுஷன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பு கடலடியில் ஊர்ந்து திரிந்ததாம். முதுகு நீளவாக்கில் மூன்று பட்டை, இரண்டு பெரிய கண், சிலதுக்கு உடம்பெல்லாம் முள். நான் அதற்கு வைத்த பெயர் கல்லுக் கரப்பான். "நம்ம மலைக் கல்லுல இதெல்லாம் கெடையாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "இந்த மலை அதுக்கெல்லாம் பாட்டன். இதுக்குள்ள ஒரு பூச்சியும் கெடையாது" என்றார்.

மொராக்கோவில் பாறையைச் சுத்தியலால் உடைக்கும்போது பூச்சி குறுக்கே வெட்டுப்படும். உடைந்த முகத்தில் தலைமுடி தடிமனுக்கு ஒரு கறுப்புக் கோடு மட்டும் தெரியும். இரண்டு துண்டையும் மறுபடி ஒட்டி விற்றுவிடுவார்கள். வாங்கியவர் அந்தக் கோட்டை வைத்து உள்ளே பூச்சி எப்படிக் கிடக்கிறது என்று யூகித்து, மேலிருந்து கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். பல் டாக்டருக்கு இது தோதான பொழுதுபோக்கு. கம்ப்ரஸர் இருக்கிறது, காற்றில் அதிரும் ஊசி இருக்கிறது, சோடா மாவை ஊதிப் பல்லைத் துலக்கும் குழல் இருக்கிறது, பூதக்கண்ணாடி இருக்கிறது. வாயைத் திற, கொஞ்சம் பொறுத்துக்கோ என்று கல்லிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. அறுபது வயது ஆவதற்கு முன்பே கிளினிக்கை மூடிவிட்டு முழு நேரமும் கரப்பானோடு உட்கார்ந்துவிட்டார். "பல்லு பாத்தது போதும்மா" என்றார். நான் நம்பினேன்.

ஒரு கல் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை. அதை மஞ்சள் பையில் போட்டு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். "பேஷன்ட் பேரு என்ன போட?" என்று கேட்டாளாம். படத்தில் வெறும் வெள்ளை. கல்லைக் கையில் வாங்கி, உடைந்த ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

"மல்லாந்து கெடக்கு டாக்டர். நீங்க வயித்துப் பக்கம் தோண்டுறீங்க."

"இல்லயே, வளைவைப் பாருங்க."

"வளைவத்தான் பாக்கிறேன்."

யார் சொன்னது சரி என்று பார்க்கத்தான் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவள் சொன்னதுதான் சரி. அடுத்த கல்லில் அவள் சொன்னது தப்பாகப் போனது. "தப்பு என்னுது" என்றாள், கேக்கைச் சொன்ன அதே முகத்தோடு. என் கணவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தரம் சொன்னார், "தப்பு என்னுதுன்னு சொன்னாங்க பாத்தியா" என்று. நானும் எத்தனையோ தப்பு பண்ணியிருக்கிறேன், யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

அவளுடைய குணம் இதுதான், இது மட்டும்தான். இருப்பதை இருக்கிறது என்பாள், இல்லாததை இல்லை என்பாள். கேட்காமல் எதையும் சொல்லமாட்டாள். கேட்டுவிட்டால் மறைக்கமாட்டாள். கேக்கைப் பற்றிக்கூட, "எப்படி இருக்கு?" என்று நான்தான் கேட்டிருந்தேன்.

முள் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பூச்சிக்கு முதுகில் வரிசையாக முள். அதில் நடுவே ஒன்று இல்லை. கல்லை உடைத்தபோதே போயிருக்கும். ஆயுசு முழுக்க ஓட்டைப் பல்லை அடைத்தவர் சும்மா இருப்பாரா? பல்லுக்கு அடைக்கிற பசையையே கலந்து, கறுப்புச் சாயம் சேர்த்து, ஒரு முள் செய்து நட்டுவிட்டார். அசல் எது நகல் எது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. "அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு" என்றேன், மனதாரத்தான் சொன்னேன். அவள் வந்தாள். பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்தாள்.

"டாக்டர், இது உங்க முள்ளு. அதோட முள்ளு இல்ல."

"அங்க ஒண்ணு இருந்தது நிச்சயம்தான?"

"இருந்திச்சு. இப்ப இல்ல. இல்லாதது இல்லாததாவே இருக்கட்டுமே."

அவர் ஊசியை எடுத்து, ஒரு வாரம் பாடுபட்டுச் செய்த முள்ளைத் தட்டிவிட்டார். முன்னறை ஜன்னலில் 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்' என்று ஒரு போர்டு. கிளினிக்கை மூடியதிலிருந்து அதைக் கழற்றுங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் தொங்குகிறது. அவள் ஒரு வாக்கியம் சொன்னாள், ஒரு வாரத்து வேலை உதிர்ந்தது. நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். வேறு நாகரிகமான பெயர் கிடையாது. அவர்கள் கதவைச் சாத்தியதில்லை. சிரிப்புச் சத்தம்கூட அதிகம் கேட்காது. கம்ப்ரஸர் ஓடும், நிற்கும். "மெதுவா", "அங்க நிறுத்துங்க", "தோல் தெரியுது" என்று எப்போதாவது அவர் குரல். அந்தக் கம்மியான பேச்சுதான் என்னை அரித்தது. என்னோடு பேசும்போது அவர் நிறையப் பேசுவார். எல்லாம் பிரமாதம், எல்லாம் பரவாயில்லை, எல்லாம் பார்த்துக்கலாம்.

அந்த வருஷம் அவர் தாடி வளர்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் மழித்தவர். டீயை அரை கிளாஸ் ஊற்று என்றார். எங்கே போனாலும் கை ஸ்வெட்டர் பைக்குள். கொடைக்கானலில் ஸ்வெட்டர் பையில் கை வைத்திருப்பவரை யார் சந்தேகிப்பார்கள்? ஊரே அப்படித்தான் நடக்கிறது. ஆனால் தாடியை நான் சந்தேகித்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேறு, "என்னக்கா, டாக்டரு சினிமா ஆக்டர் கணக்கா இருக்காரு" என்றாள். எக்ஸ்ரேக்காரிக்காகத்தான் வளர்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அரை கிளாஸ் டீயும் தொப்பையைக் குறைக்கத்தான் என்று அதோடு சேர்த்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் அவள் கிளம்பும் நேரம் பார்த்து எங்கள் கேட்டுக்கு முன்னால் காட்டுமாடு ஒன்று வந்து நின்றுவிட்டது. வேன் அளவுக்கு உடம்பு. மேரக்காய்க் கொடியை மென்றுகொண்டு அசையாமல் நின்றது. பள்ளங்கி பஸ் போய்விட்டது. வேறு வழியில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சப்பாத்தியும் குருமாவும். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் தட்டில் இருந்த சப்பாத்தியை அவள் எட்டி எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துப் போட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டார். என் கண் முன்னாலேயே, என் வீட்டில், என் சப்பாத்தியை.

அந்த மாடு உள்ளே வந்து இவளை முட்டினால்கூட நல்லது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக நகர்ந்தது. எதிர்வீட்டு ஜீப்பில் அவளை ஏற்றி அனுப்பினோம். "குருமாவுல உப்பு கொஞ்சம் தூக்கல் அக்கா. ஆனாலும் நான் இன்னொரு தரம் வாங்கிச் சாப்பிட்டேன் பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். இந்தத் தடவை நான் கேட்கவே இல்லை. ஒருவேளை முகத்தில் கேட்டிருப்பேன்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, மதியத்திலேயே மூடுபனி இறங்கிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீத் தட்டோடு முன்னறைக்குப் போனேன். கம்ப்ரஸர் ஓடியதால் நான் வந்தது அவர்களுக்குக் கேட்கவில்லை. மேசை மேல் அவருடைய வலது கை. அதன் மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் தலையும் ஒரே விளக்குக்குக் கீழே.

தட்டை வைத்த வேகத்தில் டீ சிந்திக் கல் நனைந்தது. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவள் பதறவில்லை. கம்ப்ரஸரை அணைத்தாள்.

"டாக்டர், இன்னைக்கு அக்காகிட்டச் சொல்லிருங்க."

"என்னத்தச் சொல்ல? குளிருல வெரல் வெறைச்சுப் போச்சு, தேச்சு விட்டாங்க. அவ்ளோதான்மா" என்றார் என்னிடம்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு மாஸ்க்கைக் கழற்றி, துண்டை மடித்துப் பையில் வைத்து, "இப்படின்னா நான் இனிமே வரல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

நான் பின்னாலேயே போனேன். கேட் வரைக்கும் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"என் புருசன் கைய எதுக்குப் பிடிச்ச?"

"நடுங்குதுக்கா. பிடிக்காட்டி ஊசி நிக்காது."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"வலது கை. நரம்பு நோய். மதுரையில காட்டியிருக்காரு, மாத்திரை சாப்பிடுறாரு. அதனாலதான் கிளினிக்க மூடினது. சவரம் பண்ணினா வெட்டிருது, அதான் தாடி. இப்ப முக்கால்வாசி நாந்தான் செய்றேன், அவரு சொல்லுவாரு. எப்பவாவது ஆசைப்பட்டா கையப் பிடிச்சுக்கிருவேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. எக்ஸ்ரே ரூம்புல."

"அவரா சொன்னாரு?"

"காட்டினாரு."

அந்த ஒரு சொல்லைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. கல்லில் கோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்து அவளாகக் கண்டுபிடித்திருந்தால் சரி, கெட்டிக்காரி என்று விட்டிருப்பேன். அவராக நீட்டிக் காட்டியிருக்கிறார். தெரியாத ஒருத்தியிடம், மஞ்சள் பையோடு போன இடத்தில்.

"எங்கிட்ட ஏன் மறைச்சாரு?"

"அது எனக்குத் தெரியாது அக்கா" என்றாள். எனக்கு ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். உங்கள் மேல் உள்ள பிரியத்தில்தான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் அழுது முடித்திருப்பேன். சொல்லவில்லை. பனிக்குள் நடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டாள்.

அவர் கை யாரோ ஒருத்தியைத் தொடுகிறது என்று இத்தனை நாள் பொறாமைப்பட்டிருந்தேன். அது சின்னப் பொறாமை. கேட்டிலிருந்து வீட்டுக்குள் வந்தபோது இருந்தது பெரிய பொறாமை. எனக்குக் கிடைத்ததெல்லாம் பிரமாதமும் பரவாயில்லையும். உண்மை முழுக்க அவளுக்குப் போயிருந்தது.

அவரிடம் கேட்டேன். "ஒனக்கு எதுக்கு வீணா கஷ்டம்னுதான்" என்றார். அதற்குப் பிறகு மதுரைக்கு நானும் கூடப் போனேன், மாத்திரை வேளைக்கு எடுத்துக் கொடுத்தேன், சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டேன். எல்லாம் செய்தும் ஒன்று மாறவில்லை. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்றால் "பரவால்ல, நல்லாவே இருக்கு" என்பார், கிளாஸ் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கும்போதே. கை குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதை நான் ஏற்றுக்கொண்டேன். அவளிடம் பேசியதுபோல என்னிடம் ஒருநாள் பேசமாட்டாரா என்பதுதான் என் ஏக்கமாக இருந்தது.

விஷயம் வெளியே வந்துவிட்டதால் அவள் மறுபடி வர ஆரம்பித்தாள். நானே போன் பண்ணி வரச் சொன்னேன். பிடித்துப்போய் அல்ல, அவள் வராத ஞாயிற்றுக்கிழமை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் மகள் இருக்கும் கோத்தகிரியிலேயே வேலை கிடைத்து, அவள் பள்ளங்கி வீட்டைக் காலி செய்தாள். கடைசியாக வந்த அன்று மேசையில் ஒரு கல் பாதியில் நின்றது. பூச்சி உடம்பு முழுக்க வெளியே வந்துவிட்டது, ஒரு கண் வந்துவிட்டது, மறு கண் மட்டும் கல்லுக்குள்.

"டாக்டரு வாயால சொல்லுவாரு அக்கா. கைய நீங்க குடுங்க."

"எனக்கெல்லாம் வராது" என்றேன். ஒரு மரியாதைக்காவது அதெல்லாம் வரும் என்பார்கள் இல்லையா?

"வராமயும் போகலாம்" என்றாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உட்காரவேண்டும் என்று எனக்கு ஆசையெல்லாம் இல்லை, வேறொருத்தி உட்காரக்கூடாது என்பதுதான். அதிரும் ஊசி கையில் வண்டு மாதிரி குடையும். தூசி மாஸ்க்கைத் தாண்டி மூக்கில் ஏறும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்ப்பார். நான் பூச்சியின் தோலைக் கீறினேன். "பரவால்ல, நல்லாத்தான் வருது" என்றார். தலையோரம் ஒரு சில்லைப் பெயர்த்தேன். "ஒட்டிக்கலாம், விடு" என்றார். அவளிடம் ஒருநாளும் அவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. அவள் ஊசி ஒரு மயிரிழை விலகினால் "போச்சு" என்று கத்துவார். என்னிடம் "பிரமாதம்மா."

போன மாதம் கண்ணுக்கு வந்துவிட்டேன். அந்தப் பூச்சியின் கண் ஒற்றைக் கண் இல்லை; மக்காச்சோளத்தில் முத்து இருப்பதுபோல வரிசை வரிசையாக மணி மணியாகக் கண். மூன்று வரிசை தெரிந்துவிட்டது. மேலே ஒரு சின்னக் கல் மூடியிருந்தது. அவர் "போதும், இங்க ஊசி வேணாம், சோடா மட்டும் ஊது" என்றார். எனக்கு அது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றிருந்தது. ஊசியை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். கல் வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு மணிகளும் வந்தன. கண் இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது.

கம்ப்ரஸரை அணைத்தேன். அவர் கண்ணாடியில் குனிந்தார். இப்போது என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பரவால்ல என்பார். அதைக் கேட்க வேண்டாம் என்று எழுந்து போகப் பார்த்தேன்.

"கெடுத்துட்ட" என்றார்.

நான் நின்றேன்.

"கண்ணையே கெடுத்துட்ட. ஊசி வேணாம்னு சொன்னேனா இல்லியா? அப்படி என்ன அவசரம் ஒனக்கு? அவங்க இருந்தா இப்படி ஆயிருக்குமா? இத நானே செஞ்சிருப்பேன், இந்தக் கை மட்டும்..." அந்தக் கையை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். காற்றில் இலை ஆடுவதுபோல ஆடியது. "பாரு. இதுதான். இது நாளுக்கு நாள் மோசமாத்தான் போகுது. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல எனக்கு. சட்டப் பட்டன் போட முடியல, ஒரு எழவும் முடியல. நீ என்னடான்னா கல்லப் போட்டு நெம்புற."

அவர் திட்டிக்கொண்டே போனார். கோத்தகிரிக்காரியின் பெயர் இன்னும் இரண்டு தரம் வந்தது, வரட்டும் என்று விட்டேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.